பத்துப் பட்டை ஸ்பிரிங்

தொண்ணூற்றொன்று என்று சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். ஊர் பெயர் உலகம் பூராவும் தெரிந்துபோன வருடம். அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நானும் எதற்கு? எனக்கு அது ஆஸ்பத்திரி ஜீப்புக்கு ஸ்பிரிங் மாற்றிய வருடம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஒரு மனுஷி நிமிர்ந்து நடப்பதும் நடக்காமல் போவதும் அந்த ஸ்பிரிங்கில்தான் இருந்தது.

அப்போது நான் ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு சேரப்பணஞ்சேரியில். கணவருக்கு ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் உள்ளே நுழையும்போது நான் வெளியே போவேன், நான் வரும்போது அவர் தூங்குவார். இரண்டு பிள்ளைகளையும் மாமியார் பார்த்துக்கொண்டார், அதைத் தினமும் சொல்லியும் காட்டினார். வாரத்தில் மூன்று நாள் எனக்கு டூர். டூர் என்றால் ஊட்டி கொடைக்கானல் இல்லை. ஏரிகளுக்குப் பின்னால், பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு ஜீப்பில் போய் மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, பிள்ளைகளுக்குச் சத்துமாவு அளந்து போட்டுவிட்டு, பொழுது சாயத் திரும்புவது. டாக்டரம்மா, டிரைவர் அண்ணன், நான். மூன்றே பேர்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே தனியாக இருந்தார். முதுகுத்தண்டில் தட்டு விலகி, பட்டணத்தில் ஒரு பெரிய டாக்டர் இனிமேல் ஜீப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவர் ஒரு அகலமான பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். டூர் நாளில் காலையில் அதை அவர் இடுப்பில் கட்டிவிடுவது நான்தான். அதனால் வலி எவ்வளவு என்பது எனக்கு மட்டும் தெரியும். மற்ற யாருக்கும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பு. தெரிந்தால் டூரை நிறுத்திவிடுவார்களாம்.

ஜீப்பின் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டிகள், தடுப்பூசி வைத்த ஐஸ் பெட்டி, மடக்குக் கட்டில், தராசு, தண்ணீர் கேன், இவ்வளவுக்கும் மேலே சத்துமாவு மூட்டைகள். இது தெரிந்த பாரம். தெரியாத பாரம் ஒன்று இருந்தது. நாங்கள் கிளம்பும் நேரமும் ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் நேரமும் ஒன்று. பிள்ளை பெற்று நாலு நாள் ஆன பச்சை உடம்புக்காரியை, ஏரிக்கரை வழியாக நடந்து வீடு போய்ச் சேர் என்று சொல்ல எந்த வாய் வரும்? ஏற்றிக்கொள்வோம். "ஒரு பேஷண்ட் வருது" என்பார் டிரைவர் அண்ணன். எங்கள் பக்கத்தில் ஒரு பேஷண்ட் என்றால் ஏழு பேர். பெற்றவள், அவள் அம்மா, அம்மா வந்த பிறகு வராமல் இருக்க முடியாத மாமியார், நாத்தனார், காத்து கருப்பு அண்டாமல் கூடவே வரும் ஒரு பெரியம்மா, பிள்ளையைப் பார்க்க வந்த சித்தப்பா, அவருக்குத் துணையாக இன்னொருவர். கூடவே அண்டா, பாய், வெந்நீர்த் தவலை. பிறந்த பிள்ளை தனியாக வீட்டுக்குள் நுழையக்கூடாது, சொந்தபந்தம் சூழத்தான் நுழைய வேண்டும். அது வழக்கம். வழக்கத்தை இறங்கு என்று யார் சொல்வது?

இதில் வேடிக்கை, பெட்டிக்கு எடை தெரியும், மூட்டைக்கு எடை தெரியும், ஆளை மட்டும் நாங்கள் யாரும் பாரத்தில் சேர்த்ததே இல்லை. அண்டாவைப் பார்த்து "இவ்ளோ லோடா?" என்று கத்தும் டிரைவர் அண்ணன், அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெரியம்மாவுக்குக் கை கொடுத்து ஏற்றிவிடுவார்.

ஒரு நாள் கல் குவாரி லாரிகள் உழுது போட்டிருந்த பாதையில் டப் என்று ஒரு சத்தம். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அச்சுக்கும் வண்டிக்கும் நடுவே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள், அந்தக் கட்டுதான் ஸ்பிரிங். பின்பக்கக் கட்டில் பெரிய பட்டை இரண்டாக முறிந்திருந்தது. அந்த வருடத்தில் அது முதல் தடவையும் இல்லை. நிழல் இல்லாத இடம். பெற்றவள் மூட்டைமேல் உட்கார்ந்து பிள்ளைமேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டாள். மாமியார்க்காரி எங்களைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா வண்டி வெச்சிகினு கீறீங்க? நம்பி ஏறுனதுக்கு நடுவழில குந்த வெச்சிட்டீங்களே!" ஏறச் சொல்லி வெற்றிலைப் பாக்கு வைத்து அழைத்த மாதிரிப் பேசினாள். நான் கேனைத் திறந்து தண்ணீர் கொடுத்தேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கஞ்சத்தனம் அவர் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலை. எங்கள் மூவரையும் நிற்க வைத்துச் சொன்னார். "இந்த ஒரு தடவை நல்ல ஸ்பிரிங்கா பாத்துப் போட்டுக்கங்க. இன்னொரு தடவை உடைஞ்சி வழியில நின்னுது, டூர் கிடையாது. அதோட முடிஞ்சிது."

ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ரோட்டின் மேலேயே லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. டாக்டரம்மாவே நேரில் வந்தார். கருகிய எண்ணெய் வாடையில், சம்மட்டிச் சத்தத்தில், ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி ஜீப்புக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா லோடு ஏத்துவீங்க?" என்றார்.

டிரைவர் அண்ணன் பெட்டி, மூட்டை, கேன் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"ஆளு?"

"ஆளு இன்னா, நாங்க மூணு பேரு. ஒரு பேஷண்ட்டு."

"ஏழு பேர்" என்றார் டாக்டரம்மா. "சில நாள் ரெண்டு பேஷண்ட் இருக்கும்."

மேஸ்திரி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அது பேஷண்டா, கல்யாண பார்ட்டியாம்மா?" என்று சிரித்தார். பிறகு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "கம்பெனி செட்டு ஒண்ணு கீது, ஏழு பட்டை. மெத்துனு போவும். பொட்டி, மூட்டை, நீங்க மூணு பேரு, அவ்ளோதான் தாங்கும். கல்யாண பார்ட்டிய ஏத்துனீங்கன்னா திரும்ப என்னாண்டதான் வருவீங்க. இல்லாங்காட்டி தடிமன் பட்டையா பத்து போட்டுக் கட்டித் தரேன். ஊரையே ஏத்துங்க, அசையாது. ஆனா ஒண்ணு. வெத்து வண்டியா ஓட்டுனா தூக்கித் தூக்கிப் போடும். ஸ்பிரிங்குன்னா அமுங்கணும். அமுங்கறதுக்கு அது மேல கனம் வோணும். கனம் இல்லன்னா அது வெறும் இரும்புக் கட்டை."

"ரெண்டுக்கும் நடுவில எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"லாரின்னா ஸ்பிரிங்குக்கு மேல துணைக்கு இன்னொரு கட்டு வைப்போம், லோடு ஏறுனாத்தான் அது வேலை செய்யும். இந்த ஜீப்புல அதுக்கு எடம் இல்லியே சிஸ்டர்."

டாக்டரம்மாவைப் பக்கத்து டீக்கடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வந்த எரிச்சலை மறைக்கவில்லை. "போகும்போது லோடு இருக்கும், சரி. வரும்போது? மாவு காலி, ஆள் காலி. அந்தக் குவாரி ரோட்டுல உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்? கம்பெனி செட்டையே போடச் சொல்லுங்க. ஏறாதீங்கன்னு அவங்ககிட்ட நான் சொல்றேன். எனக்கு வாய் இல்லையா?"

"நீ சொல்லுவேம்மா. அவளும் பேசாம இறங்கி நடந்துடுவா" என்றார். "ஆனா தையல் போட்டது நான். எவ்வளவு போட்டேன்னு எனக்குத்தானே தெரியும்."

டீயைக் குடித்துவிட்டு வந்தோம். பத்துப் பட்டை கட்டச் சொல்லிவிட்டார். முன்பக்கத்துக்கும் அதற்குத் தக்கபடி தடிமனாகவே போட்டார்கள். முடிந்ததும் டிரைவர் அண்ணன் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். வண்டி முன்னைவிட உயரமாக, விறைப்பாக நின்றது. அவருக்கு வாயெல்லாம் பல்.

காலையில் போகும்போது குறை சொல்லவே முடியாது. மூட்டையும் பெட்டியும் பெரியம்மாவும் சித்தப்பாவும் ஏறி அழுத்திய பிறகு, பள்ளம் வந்ததே தெரியாமல் ஜீப் போகும். வல்லக்கோட்டையில் கிருத்திகைக் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து, அதற்கு அப்பால் மண் ரோட்டில் இறங்கினாலும், முன் சீட்டில் பிள்ளை பெற்றவள் தூங்கிக்கொண்டே வருவாள். டாக்டரம்மா அவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் எங்களோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்.

வரும்போதுதான் வினை. காலி வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் எகிறும். பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பதைவிட ஆகாயத்தில் இருப்பதுதான் அதிகம். டிரைவர் அண்ணன் மாட்டுவண்டிக்கும் கீழே வேகத்தைக் குறைத்து ஓட்டுவார், அதற்கும் அடிக்கும். டாக்டரம்மா முன்னால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வருவார். ஆஸ்பத்திரி வந்ததும் உடனே இறங்க மாட்டார். கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். நாங்கள் சாமான்களை இறக்கி முடித்த பிறகு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகக் கீழே வைப்பார். அதைப் பார்க்கும்போது எனக்குப் பாவமாக இருக்கும், அதைவிடக் கோபமாக இருக்கும். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டும், மாமியார் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த மாதங்களில் நான் படுத்தால் தூங்கவில்லை, விழுந்து கிடந்தேன்.

டிரைவர் அண்ணனுக்கும் பொறுக்கவில்லை. அவராகவே ஒரு வழி செய்தார். காலியான மாவுச் சாக்குகளில் ஏரி மணலை அள்ளிப் போட்டுக் கட்டி, திரும்பும்போது பின்னால் அடுக்கினார். என்ன மாயமோ, அன்றைக்கு ஜீப் அடங்கிப் போனது. டாக்டரம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார், கொஞ்ச நேரம் கண்கூட அசந்தார். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ரொம்ப நாள் நிலைக்கவில்லை. அண்ணன் அந்த நேரம் பார்த்துத் தன் வீட்டில் ஒரு அறை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், வாசலில் மணல் குவித்திருந்தார். யாரோ போட்டுக் கொடுத்தார்கள். மேனேஜர் சாக்கை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வண்டியில வூட்டுக்கு மணல் அடிக்கிறியாப்பா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அண்ணன் சாக்குகளை அங்கேயே கொட்டினார். "இனிமே இந்த வண்டியில என் கையால ஒரு பிடி மண்ணு ஏத்த மாட்டேன் சிஸ்டர். தாயாணை" என்றார். மானஸ்தர். மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு மணல்னு சொல்லணும்னா என் இடுப்பைச் சொல்லணும். இடுப்பைச் சொன்னா டூரை நிறுத்துவார். விடும்மா." அவர் எல்லாவற்றுக்கும் கடைசியில் சொல்வது அதுதான், விடும்மா. எனக்கும் விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

ஐப்பசி மழை பாதையை இன்னும் அறுத்துப் போட்டது. அந்த மழையில் ஒரு நாள், எங்கள் டூரிலேயே கடைசி ஊரில், வேலை முடிகிற நேரம். ஒரு கொழுகொழுத்த பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கக் குனிந்த டாக்டரம்மா குனிந்தபடியே நின்றுவிட்டார். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். அவரால் நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முகம் வெளுத்து வேர்த்துக் கொட்டியது. மடக்குக் கட்டிலின் துணியை உருவி அதில் கிடத்தி, நாலு பேர் பிடித்து ஜீப்பின் பின்பக்கத் தரையில் வைத்தோம். ஊசி போட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த ஊசிதான். அண்ணன் வண்டியை எடுத்தார். பத்தடி போயிருக்காது, சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. டாக்டரம்மா அலறினார். அத்தனை மாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்த மனுஷி அலறியதைக் கேட்டு அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார்.

பெண்கள் எல்லோரும் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாச்சி? ஏன் நிறுத்திட்டீங்க?"

"வண்டி காலியா இருக்கு, அதான் தூக்கிப் போடுது. கனம் இருந்தா ஆடாது" என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று யோசித்துச் சொல்லவில்லை, அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஸ்பிரிங் உடைந்த அன்று குவாரிப் பாதையில் எங்களைத் திட்டித் தீர்த்தாளே, அந்த மாமியார்க்காரி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "கனம் தானே?" என்றாள். திரும்பி மற்றவர்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "ஏய், ஒல்லிப்பிச்சானுங்கல்லாம் நவுருங்கடி. ஒடம்பு கீறவ எல்லாம் ஏறுங்க. நீ வா, நீ வா, இன்னாடி வெக்கம், சோறு துன்றப்போ வெக்கப்பட்டியா?"

அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருந்த டாக்டரம்மாவும் சிரித்து, சிரித்ததால் வலித்து, "அய்யோ, பேசாம இருங்களேன்" என்றார். பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள், முன் சீட்டில் மூன்று பேர், பின்படியில் ஆண்கள் தொற்றிக்கொண்டார்கள். ஜீப் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. "இன்னும் ரெண்டு பேர் ஏறுங்கம்மா" என்று கேட்டது டிரைவர் அண்ணன், பாரம் என்றால் கத்துகிற அதே அண்ணன். அவர்கள் கால்களுக்கு நடுவே டாக்டரம்மா கிடந்தார். ஆளுக்கு ஒரு பக்கமாக அவரை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். குவாரி ரோடு முழுக்க, வல்லக்கோட்டை தாண்டும் வரைக்கும், அவர் மறுபடி அலறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மேனேஜர் வந்து நின்றார். ஒவ்வொருவராக இறங்குவதைப் பார்த்துவிட்டு, யார் இவர்கள் எல்லாம் என்று ஆரம்பித்தவர், கடைசியில் தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்டிரெச்சரைப் பிடிக்க அவரும் ஓடி வந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

டாக்டரம்மா அதன்பிறகு ஜீப்பில் ஏறவில்லை. பட்டணத்தில் ஆபரேஷன் ஆகி, தங்கை வீட்டில் கட்டிலோடு இருந்தார். பிறகு கோல் ஊன்றி நடந்தார் என்பதோடு சரி. வேறு டாக்டர் யாரும் டூருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்றிரண்டு மாதத்தில் டூரும் நின்றது. ஸ்பிரிங் மட்டும் கடைசி வரைக்கும் உடையவே இல்லை. இப்போது அந்தக் குவாரிப் பாதை இருந்த பக்கமெல்லாம் கார் கம்பெனிகள். பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் குலுங்காமல் போய் வருகிறார்கள்.

ஒரு லீவு நாளில் அவரைப் பார்க்கத் தங்கை வீட்டுக்குப் போனேன். என் வாய் சும்மா இருக்காதே. "அன்னைக்கே நான் சொன்ன கம்பெனி செட்டைப் போட்டிருந்தா இப்படிப் படுத்திருப்பீங்களா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதைப் போட்டிருந்தா, அன்னைக்கு அவ்வளவு பேர் எப்படிம்மா ஏறியிருக்க முடியும்?" என்றார்.

கணக்குப்படி அது தப்பு. அந்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால் அத்தனை பேர் ஏற வேண்டிய தேவையே வந்திருக்காது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்தக் கையைப் பிடித்திருந்தார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். டூர் நின்றுபோன சேதியையும் அன்றைக்கு நான் அவரிடம் சொல்லவில்லை.